பிஸ்தாரை, பிஸ்தாரை: எவரெஸ்ட் அடிவார முகாம் பற்றி வாசகர்கள் கேட்டவை

போன இதழில், நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்வந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். லுக்லாவில் தொடங்கி 5,364 மீட்டர் உயரம் வரை போய் மறுபடியும் லுக்லாவுக்கே திரும்புகிற, போக வர ஏறக்குறைய 130 கிலோமீட்டர் நடை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'என்னால் முடியுமா' என்றுதான் கேட்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, இரண்டு முறை அந்தப் பாதையில் நடந்தவள், அவ்வளவுதான். மருந்து, நோய் பற்றிச் சொல்வதையெல்லாம் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எனக்கு 44 வயது. வங்கி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மலை என்றால் மலைக்கோட்டையும் பழனியும் மட்டும்தான் ஏறியிருக்கிறேன். அடுத்த அக்டோபரில் போக ஆசை. முடியுமா? எத்தனை மாதம் தயாராக வேண்டும்?
*ஒரு வாசகி, திருச்சி*

முடியும். ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கிவைத்துவிடலாம். இந்தப் பாதையில் கயிறு பிடித்து ஏறுகிற இடம் ஒன்றுகூடக் கிடையாது. கல் படிகள், மண் பாதை, ஆற்றின் மேல் ஆடுகிற தொங்கு பாலங்கள், கடைசி இரண்டு நாளில் பனியாறு தள்ளிக்கொண்டுவந்து கொட்டிய கற்குவியல்கள். கஷ்டம் எங்கே என்றால், ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து எட்டு மணி நேரம் நடந்துவிட்டு, குளிரில் அரைகுறையாகத் தூங்கி, மறுநாள் காலையில் அதே காலை எடுத்து மறுபடியும் வைக்க வேண்டும். ஒருநாள் நன்றாக நடக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு, திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் சர்வசாதாரணமாக முடிப்பார்கள், ஆனால் மறுநாள் எழுந்து இன்னொரு கிரிவலம் போகச் சொன்னால்தான் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியும்.

அதனால் முதல் இரண்டு மாதம் தினம் முக்கால் மணி நேரம் வேகமான நடை, வாரத்தில் இரண்டு நாள் படி ஏறி இறங்குவது. மூன்றாவது மாதத்திலிருந்து முதுகில் பை. மூன்று கிலோவில் தொடங்கி ஏழு கிலோ வரை கொண்டுபோங்கள், அரிசிப் பொட்டலமோ தண்ணீர்ப் பாட்டிலோ போதும். நான்காவது மாதத்திலிருந்து சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து மூன்று மூன்று மணி நேரம் நடக்க வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள், களைத்த காலோடு நடக்கப் பழகுவது இதில்தான் வருகிறது. ஐந்தாவது மாதம் உங்களுக்குப் பக்கத்திலேயே கொல்லிமலை இருக்கிறது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கி ஏறுகிற ஆயிரத்துச் சொச்சம் படிகளைப் பையோடு செய்து பாருங்கள். அங்கே முதலில் இறங்கி, முழங்கால் நடுங்க ஆரம்பித்த பிறகு ஏற வேண்டும். எவரெஸ்ட் பாதையில் நாம்சே பஜார் என்ற ஊரிலிருந்து அடுத்த ஊரான தெங்போச்சே போகிற நாளும் அப்படித்தான், தூத் கோசி ஆற்றங்கரை வரை இறக்கிவிட்டு, அங்கிருந்து 600 மீட்டர் ஏறவைப்பார்கள்.

இறங்குகிற பயிற்சியை யாரும் செய்வதில்லை. லிஃப்டில் மேலே போய்ப் படியில் இறங்குங்கள் என்றுகூடச் சொல்வேன். தொடையின் முன்பக்கத் தசை இறக்கத்துக்குப் பழகாவிட்டால் கடைசி மூன்று நாள் முட்டி பழுத்துவிடும். ஊன்றுகோல் இரண்டும் கட்டாயம்.

எந்த வேகத்தில் பயிற்சி செய்வது? பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மேலேயும் அதே அளவுகோல்தான். ஷெர்பாக்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவார்கள், 'பிஸ்தாரை, பிஸ்தாரை' என்று. மெதுவாக, மெதுவாக.

அக்கா, எனக்கு 27 வயது. மூன்று முழு மாரத்தான் ஓடியிருக்கிறேன். எல்லாரும் 12 நாள் என்கிறார்கள், ஒரு நிறுவனம் எட்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறது. லீவு கிடைப்பதும் கஷ்டம். எட்டு நாளில் போகலாமா?
*ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

வேண்டாம் தம்பி. இந்த ஒரு பதிலை மட்டும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

உங்கள் இதயமும் நுரையீரலும் என்னுடையதைவிடப் பல மடங்கு நன்றாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் உயரத்துக்குப் பழகுவதும் உடல் தகுதியும் வேறு வேறு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் மலையுச்சியிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி, ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைக்கிற ஆக்சிஜனும் பாதி. உடம்பு இதற்கு முதலில் செய்வது வேகமாக மூச்சுவிடுவது. அப்படி விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய் இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது, உடனே மூளை 'போதும், மூச்சைக் குறை' என்கிறது. அந்தக் காரத்தைச் சிறுநீரகம் சிறுநீரில் வெளியேற்றி இரத்தத்தைச் சமன் செய்தால்தான் தடையில்லாமல் மூச்சு வாங்க முடியும், அதற்கு நாள் கணக்கில் நேரம் வேண்டும். புதிய சிவப்பணுக்கள் உண்டாவதோ வாரக் கணக்கு. மாரத்தான் ஓடிய சிறுநீரகம் இந்த வேலையை வேகமாகச் செய்துவிடாது. சொல்லப்போனால் இளவயதுக்காரர்களும் ஓட்டக்காரர்களும் அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணமே அவர்கள் கால் வேகமாக ஏறிவிடுவதுதான், உடம்பு பின்னால் நின்றுவிடுகிறது.

மலை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, இன்றைக்குத் தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், தூங்குகிற உயரம்தான் கணக்கு. வழியில் தூங்குகிற ஊர்களின் உயரம் மீட்டரில் இது: நாம்சே 3,440, தெங்போச்சே 3,860, டிங்போச்சே 4,410, லோபுச்சே ஏறக்குறைய 4,900, கோரக் ஷெப் 5,164. இந்த எண்களைப் பார்த்தாலே நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் இரண்டு இரவு என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது புரியும். ஓய்வு நாள் என்றால் போர்வைக்குள் படுத்திருப்பதில்லை. நாம்சேயில் கும்ஜுங் கிராமத்துப் பக்கம் 3,800க்கு மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவார்கள், டிங்போச்சேயில் பின்னால் இருக்கிற மேட்டில் முடிந்த மட்டும் ஏறிவிட்டு வந்து படுப்பார்கள்.

எட்டு நாள் திட்டத்தில் இந்த இரண்டு நாள்தான் முதலில் காணாமல் போயிருக்கும், திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அப்படி ஒரு நாள் வெட்டப்பட்ட திட்டத்தில் போய் எனக்கு என்ன ஆனது என்பதைக் கடைசிக் கடிதத்துக்கான பதிலில் எழுதியிருக்கிறேன். லீவு இல்லையென்றால் இந்த வருடம் 3,500 மீட்டருக்குள் முடிகிற ஒரு நடைக்குப் போய்விட்டு, அடுத்த வருடம் லீவு சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் உயர நோய் வராதாமே? அது நோயை மறைத்துவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். எது உண்மை?
*ஒரு வாசகர், மதுரை*

மறைக்காது. மேலே சிறுநீரகம் செய்கிற வேலையைச் சொன்னேன் இல்லையா, அசிட்டசோலமைடு என்கிற அந்த மருந்து அதே வேலையைத் துரிதப்படுத்துகிறது, அதாவது பழகுவதற்கு உதவுகிறது. தடுப்புக்கு வழக்கமாகச் சொல்வது 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. விரல் நுனியும் உதடும் மரத்து ஊறுகிற மாதிரி இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

ஆனால் மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வேகமாக ஏறினால் அது காப்பாற்றாது.

அறிகுறிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைவலி, அதோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அசாதாரணமான களைப்பு இதில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே போகக் கூடாது, அங்கேயே தங்கிப் பார்க்க வேண்டும், கூடினால் இறங்க வேண்டும். இதைத் தாண்டி இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று மூளை வீக்கம். பேச்சுக் குழறும், குழப்பமாக நடந்துகொள்வார், தரையில் ஒரு கோடு போட்டுக் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவார். இன்னொன்று நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்கும், இருமல் விடாது, நுரையோடு இளஞ்சிவப்பாகச் சளி வரும். இந்த இரண்டில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவானாலும் இறங்க வேண்டும். மாத்திரையும் ஆக்சிஜனும் இறங்குவதற்குள் உயிரைப் பிடித்துவைப்பதற்குத்தான்.

இன்னொரு விஷயம், இது பலரைப் பயமுறுத்துகிறது. உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில வினாடி நின்று, பிறகு பெரிதாக இழுத்துக்கொண்டு விழிப்பு வரும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு நடந்தால் நமக்குத் தூக்கமே போய்விடும். பெரும்பாலும் இது உயரத்தில் இயல்பாக வருவதுதான். இதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

லுக்லா விமான நிலையம் உலகத்திலேயே ஆபத்தானது என்கிறார்கள். என் மனைவி அதைக் கேட்டே வேண்டாம் என்கிறாள்.
*ஒரு வாசகர், சேலம்*

ஓடுபாதை 527 மீட்டர்தான், ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளம், நடுவில் ஏறக்குறைய 12 சதவீதச் சரிவு. மேட்டை நோக்கி இறங்கினால் விமானம் சீக்கிரம் நிற்கும், பள்ளத்தை நோக்கி ஓடினால் சீக்கிரம் எழும்பும், அதற்காகவே சரிவாக இருக்கிறது. பனிமூட்டம் இருந்தால் பறக்கவே மாட்டார்கள், பெரும்பாலும் காலையில் மட்டும்தான் பறப்பார்கள். விபத்துகள் நடந்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். மனைவிக்கு மனம் ஒப்பவில்லையென்றால் சல்லேரி பக்கம் வரை ஜீப்பில் போய் அங்கிருந்து நடக்கலாம். நாள் கூடும், ஆனால் தாழ்விலிருந்து ஏறுவதால் உடம்புக்கு நல்லது. 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் இருந்த குழு காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்தே நடந்துதான் போனது.

விமானத்தில் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, கூட்டம் அதிகமான மாதங்களில் லுக்லா விமானம் காத்மாண்டிலிருந்து கிளம்பாது, ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்டு நான்கைந்து மணி நேரம் மலைப்பாதையில் காரில் போக வேண்டும். திரும்பும்போது வானிலைக்காகக் குறைந்தது இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.

நாங்கள் சுத்த சைவம். பதினைந்து நாள் என்ன சாப்பிடுவது? ஊறுகாயும் பொடியும் கொண்டுபோகலாமா?
*ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை*

உங்களுக்குத்தான் அங்கே வசதி. தால் பாத் என்று சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை வைப்பார்கள். சோறும் பருப்பும் கேட்கக் கேட்க மறுபடியும் போடுவார்கள், வேறு எந்தச் சாப்பாட்டுக்கும் அந்தச் சலுகை இல்லை. கும்பு என்கிற இந்த எவரெஸ்ட் பகுதியில் விலங்குகளை அறுப்பதில்லை, இறைச்சி கீழிருந்து நாள் கணக்கில் முதுகில் சுமந்து வருவது. அதனால் அசைவம் சாப்பிடுகிறவர்களையும் மேலே போனால் சைவத்துக்கு மாறச் சொல்லிவிடுகிறோம்.

பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய் கட்டாயம் கொண்டுபோங்கள். 4,500 மீட்டருக்கு மேல் பசியே இருக்காது, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு வரும், அந்த நேரத்தில் ஒரு விரல் ஊறுகாய்தான் நாலு கவளம் உள்ளே போகவைத்தது எனக்கு. கடலை மிட்டாயும் பேரீச்சையும் பையிலேயே இருக்கட்டும். தண்ணீர் மூன்றிலிருந்து நான்கு லிட்டர். பிளாஸ்டிக் பாட்டில் வாங்காமல், குளோரின் மாத்திரை போட்டுக் குடியுங்கள், அந்த மலையில் குப்பையை இறக்குவதற்கு வண்டி கிடையாது, யாரோ ஒருவருடைய முதுகில்தான் இறங்க வேண்டும்.

நடக்கும்போது மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது? கழிப்பறை எப்படி இருக்கும்? யாரிடமும் கேட்க முடியாமல் உங்களிடம் கேட்கிறேன்.
*ஒரு வாசகி, தஞ்சாவூர்*

நன்றாகக் கேட்டீர்கள், இதைக் கேட்க முடியாமலே பல பெண்கள் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

உயரமும் குளிரும் களைப்பும் சேர்ந்து தேதியை முன்னே பின்னே தள்ளலாம், அதனால் தேதி தள்ளித்தானே இருக்கிறது என்று வெறுங்கையோடு போகாதீர்கள். நாம்சேயில் கடைகள் உண்டு, அதற்கு மேல் நம்பிப் போக முடியாது. தேதியைத் தள்ளிப்போட மாத்திரை போடுவதாக இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். சில ஹார்மோன் மாத்திரைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும், உயரத்தில் உடம்பு வறண்டு அசையாமல் படுத்திருக்கும்போது அது கவலைக்குரியது. மாதவிலக்குக் கப் பழகியவர்களுக்கு அது வசதி, ஆனால் அங்கே போய் முதல்முறை முயலாதீர்கள். பயன்படுத்திய நாப்கினை அங்கே எறியக் கூடாது. ஜிப் வைத்த பையில் போட்டு அதை ஒரு கறுப்புப் பையில் வைத்துக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், குளிரில் வாடை வராது.

கழிப்பறை நாம்சே வரை பரவாயில்லை. அதற்கு மேல் பல இடங்களில் வெளியே தகரக் கதவு, குந்தி உட்காருகிற குழி, காலையில் வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கும். தரையும் உறைந்திருக்கும், இரவில் தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள். நடுவழியில் மரமும் இல்லை மறைவும் இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் நடக்கிற பெண்களைப் பார்த்தேன். அதைச் செய்யாதீர்கள், தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கும். கூட வருகிற வழிகாட்டியிடம் நேராகச் சொல்லுங்கள், அவர் குழுவை முன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர்களுக்கு இது புதிதில்லை.

என் கணவருக்கு 58 வயது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு, இரண்டும் கட்டுப்பாட்டில்தான் இருக்கின்றன. வரலாமா?
*ஒரு வாசகி, நாகர்கோவில்*

கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் போய்வருகிறார்கள். முடிவைச் சொல்ல வேண்டியவர் அவரைத் தொடர்ந்து பார்க்கிற மருத்துவர். நான் சொல்லக்கூடியது, மேலே போன முதல் நாட்களில் இரத்த அழுத்தம் கூடும். சர்க்கரை பார்க்கும் கருவி கடுங்குளிரில் தவறாகக் காட்டலாம், காட்டாமலும் போகலாம். இன்சுலின் உறைந்துவிட்டால் கெட்டுவிடும், அதையும் கருவியையும் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், இரவில் தூக்கப் பைக்குள். சர்க்கரை குறையும்போது வருகிற தள்ளாட்டமும் உயர நோயின் தள்ளாட்டமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பலர் மறைக்கிறார்கள், குழுவிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று.

என்னென்ன வாங்க வேண்டும்? நுழைவுக் கட்டணம் எவ்வளவு? போர்ட்டர் வைத்துக்கொள்வது சரியா? ஒரு மனிதர் என் பையைச் சுமப்பதை நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.
*ஒரு வாசகர், புதுச்சேரி*

ஷூவை மட்டும் இங்கேயே வாங்கி, நூறு கிலோமீட்டராவது அதோடு நடந்துவிட்டு வாருங்கள். புது ஷூவோடு லுக்லாவில் இறங்குகிறவரின் குதிகால் நாம்சேக்குள் உரிந்துவிடும். கம்பளிக் காலுறை, தெர்மல் உள்ளாடை, மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, இறகு நிரப்பிய டவுன் ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கப் பையும் டவுன் ஜாக்கெட்டும் காத்மாண்டு தமேலில் வாடகைக்குக் கிடைக்கும். நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது, பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைச் சுட்டுவிடும். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள ஒரு துணி வேண்டும், அந்த வறண்ட குளிர்காற்று தொண்டையை அறுத்து ஒரு இருமலைக் கொடுக்கும், கும்பு இருமல் என்றே அதற்குப் பெயர்.

சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குச் சார்க் நாட்டவர் என்ற முறையில் நமக்கு 1,500 நேபாள ரூபாய், வரி தனி. ஊராட்சிக் கட்டணம் ஒன்று தனியாக உண்டு. நம் நூறு ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது நிலையான மாற்று விகிதம். நமக்கு விசா தேவையில்லை. மேலே போகப் போக வெந்நீர், செல்போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் காசு கூடும், நாம்சேயைத் தாண்டினால் ரொக்கம்தான். காப்பீடு எடுக்கும்போது 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

போர்ட்டர் விஷயத்தில் உங்கள் கூச்சம் எனக்கும் இருந்தது. ஆனால் ஆள் வைக்காமல் போனால் அந்த மனிதருக்கு அன்றைய கூலி இல்லை, அதையும் யோசித்தேன். எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்றால் ஒருவர் பை பத்து கிலோவைத் தாண்டக் கூடாது, வீட்டிலேயே தராசில் வையுங்கள். அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, சூடான உடையும் ஒழுங்கான ஷூவும் இருக்கிறதா, இரவு எங்கே தூங்குகிறார் என்று முதல் நாளே நிறுவனத்திடம் கேளுங்கள். அவர் தாழ்வான ஊர்களிலிருந்து வருகிறவராக இருக்கலாம், நமக்கு வருகிற உயர நோய் அவருக்கும் வரும், சொல்ல மாட்டார். கூலி போய்விடும் என்ற பயம். தினம் சாயங்காலம் 'தலைவலி இருக்கிறதா தாய்' என்று கேளுங்கள். தாய் என்றால் அங்கே அண்ணன்.

அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியுமா?
*ஒரு பள்ளி மாணவர், தூத்துக்குடி*

தெரியாது! பக்கத்து மலைகள் மறைத்துவிடும். அங்கே தெரிவது கும்பு பனியருவி, நீலமும் வெள்ளையுமாக வீடு வீடாக உடைந்து கிடக்கிற பனிக்கட்டிகள். உச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் கோரக் ஷெப்பிலிருந்து அதிகாலை இருட்டில் கிளம்பிக் காலா பத்தர் என்ற கறுப்பு மேட்டில் ஏற வேண்டும், அது 5,500 மீட்டருக்கும் மேலே. 8,848.86 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியையே 2023 மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி தொட்டுவிட்டு வந்தார். நாங்கள் போவது அந்தப் பயணம் தொடங்குகிற வாசல் வரைக்கும்தான்.

போன நவம்பரில் லோபுச்சே வரை போய்விட்டுத் தலைவலியும் வாந்தியுமாகத் திரும்பிவிட்டேன். இன்னும் ஒரே நாள் நடைதான் மிச்சம். வீட்டில் விசேஷத்துக்கு வருகிறவர்களெல்லாம் 'அப்போ போய்ச் சேரலையா' என்று கேட்கிறார்கள். என் கூட வந்தவர்கள் அங்கே நின்று எடுத்த படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. வழிகாட்டி சொன்னதைக் கேட்காமல் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமோ?
*ஒரு வாசகி, திண்டுக்கல்*

உங்கள் கடிதத்தை நான்கு நாளாக மேசையிலேயே வைத்திருந்தேன்.

2016 அக்டோபரில் நான் முதல்முறை போனேன். ஒரு நாள் மிச்சமாகும் என்று டிங்போச்சேயில் இரண்டாவது இரவை வெட்டிவிட்ட திட்டம் அது, எனக்கு அப்போது விவரம் தெரியாது, பணம் குறைகிறதே என்று சந்தோஷப்பட்டேன். தூக்ளாவுக்கு மேலே ஒரு மேடு வரும், நீங்களும் பார்த்திருப்பீர்கள், மலையில் இறந்தவர்களுக்காக அடுக்கிய கற்குவியல்களும் பிரார்த்தனைக் கொடிகளும். அங்கே வந்தபோதே தலை பிளந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. லோபுச்சேயில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு வாந்தி எடுத்துவிட்டு வந்தபோது எங்கள் வழிகாட்டி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். பலகைத் தரையின் இடுக்கைக் காட்டி அதன் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரில் சாய்ந்தேன். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அழுதேன், சண்டை போட்டேன், அவர் என் பேச்சுக்குப் பதிலே சொல்லாமல் என் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு போர்ட்டர் முன்னால் விளக்கோடு, அவர் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால், அப்படியே பெரிச்சே வரை இறக்கினார்கள். எத்தனை மணி நேரம் என்று எனக்கு நினைவில்லை. பாதி வழியில் தலையிலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி வலி குறைந்தது மட்டும் நினைவிருக்கிறது. பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை இருக்கிறது, 1973லிருந்து நடக்கிறது. அங்கே என்னைப் பார்த்த மருத்துவர் மூளை வீக்கம் தொடங்கியிருந்தது என்றும், லோபுச்சேயிலேயே தூங்கியிருந்தால் காலையில் எழுப்ப முடியாமல் போயிருக்கலாம் என்றும் சொன்னார்.

'இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமோ' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வாந்தியோடு 5,000 மீட்டருக்கு மேலே ஏறியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நீங்கள் இருந்திருப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் உடம்பு பலவீனமாக இருந்ததால் திரும்பவில்லை, அந்த வாரம் அந்த வேகத்துக்கு அது பழகி முடிக்கவில்லை. அடுத்த முறை இதே உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். என்னுடையது நடந்துகொண்டது. 2022இல், ஆறு வயது கூடிய பிறகு, நாம்சேயில் இரண்டு இரவு, டிங்போச்சேயில் மூன்று இரவு என்று கிழவிபோல நடந்து போய்ச் சேர்ந்தேன், தலைவலி வந்த ஒரு சாயங்காலம் வாய்விட்டுச் சொன்னேன், அன்றைக்கு முழுக்குழுவும் எனக்காக ஒரு நாள் நின்றது. முகாமில் நின்றது பதினைந்து நிமிடம் இருக்கும். கொடிகளைத் தொட்டுப் பார்த்தேன், காற்று முகத்தில் அறைந்தது, கையுறையைக் கழற்ற முடியாமல் படம்கூட ஒழுங்காக எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பதினைந்து நிமிடத்தைவிட அந்த ராத்திரி ஷூக் கயிற்றைக் கட்டிய கைகள்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

விசேஷ வீட்டில் கேட்கிறவர்களிடம் '4,900 மீட்டர் வரை நடந்தேன்' என்று மட்டும் சொல்லுங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். நம் மாநிலத்திலேயே அதைவிட உயரம் இல்லை, நீங்கள் அதன்மேல் ஏறக்குறைய இன்னொரு தொட்டபெட்டாவை வைத்து ஏறியிருக்கிறீர்கள்.

மறுபடியும் போக மனம் வந்தால், முன்பு ஒருமுறை உயர நோய் வந்தவர் என்பதை மருத்துவரிடம் சொல்லித் தடுப்பு மருந்து கேளுங்கள், டிங்போச்சேயில் கூடுதலாக ஒரு இரவு வைத்துத் திட்டம் போடுங்கள். மாதம் முடிவானதும் எனக்கு எழுதுங்கள். என்னிடம் ஒரு நல்ல டவுன் ஜாக்கெட் சும்மா பீரோவில் கிடக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.